முதல் கவுன்சிலர் சரிப்படவில்லை என்றால் அடுத்து என்ன?

கேள்வி இதுதான். வயது 34, இரண்டாவது குழந்தைக்கு எட்டு மாதம். காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, மூத்தவள் மேல் எரிந்து விழுகிறேன், குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு கவுன்சிலரிடம் இரண்டு முறை போனேன், "எல்லா அம்மாக்களுக்கும் இப்படித்தான் இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். "இதைச் சொல்ல அவருக்குப் பணம் வேறயா" என்கிறார் கணவர். இன்னொருவரைத் தேடலாமா? தேடினால் எப்படி? பெண்தான் வேண்டுமா, ஆன்லைன் போதுமா, மாத்திரை போட்டுவிடுவார்களா?

தேடலாம். அந்த இரண்டு முறையை வைத்து, கவுன்சிலிங் எனக்கு ஒத்துவராது என்ற முடிவுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள். பல்வலி என்று போன இடத்தில் "எல்லோருக்கும் பல் வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லி அனுப்பினால் நாம் பல் வைத்தியத்தையே சந்தேகப்படுவதில்லை, டாக்டரை மாற்றுகிறோம். மனசு விஷயத்தில் மட்டும் உடனே நம் மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது, நான்தான் சரியாகச் சொல்லவில்லையோ, நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ என்று. நான் பதினைந்து வருடமாகத் தெரபிஸ்டாக, அதாவது பேச்சுமுறைச் சிகிச்சை தருபவராக இருக்கிறேன். அதற்கு முன்னால் நானே ஒருவரிடம் சிகிச்சைக்குப் போயிருக்கிறேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் இரண்டு தடவை போனை எடுத்துப் பார்த்தார், நான் என்ன செய்தேன் தெரியுமா, எதையும் கேட்கவில்லை, கதையைச் சுருக்கிச் சொல்லி முடித்துவிட்டு, தேங்க்ஸ் சொல்லிவிட்டு வந்தேன். அதனால் உங்களைப் புரிகிறது.

மற்றதற்கு முன்னால் ஒரு விஷயம். செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு அடிக்கடி வந்தாலோ, அதற்கான வழியை மனம் யோசிக்கத் தொடங்கியிருந்தாலோ, நிதானமாக ஆள் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள். அதேபோல, பிரசவம் முடிந்த முதல் சில வாரங்களில் தூக்கமே தேவைப்படாமல் பரபரவென்று இருப்பது, யாரோ பேசுவது போலக் கேட்பது, குழந்தையைப் பற்றி விசித்திரமான நம்பிக்கைகள் வருவது, இதெல்லாம் வேறு வகை. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருவது. அபூர்வம்தான், ஆனால் அது கவுன்சிலிங்குக்கான விஷயம் இல்லை, அவசர சிகிச்சைக்கானது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை, இருந்தாலும் படிக்கிற வேறு யாருக்காவது தேவைப்படலாம்.

அடுத்தது உடம்பு. இதைத் தெரபிஸ்டுகளே பல நேரம் மறந்துவிடுகிறோம். பிரசவமான முதல் வருடத்தில் நூறு பெண்களில் சுமார் 5 பேருக்குத் தைராய்டு சுரப்பியில் அழற்சி வருகிறது. முதல் சில மாதம் சுரப்பு அதிகமாகிப் படபடப்பு, எரிச்சல், தூக்கமின்மை, அப்புறம் நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் அது குறைந்து, சோர்வு, அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை. உங்கள் குழந்தைக்கு எட்டு மாதம் என்று படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். ஒரு ரத்தப் பரிசோதனை போதும்: தைராய்டு, ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, பி12. எல்லாம் சரியாக இருந்தால் நல்லது, மனசைத்தான் பார்க்க வேண்டும் என்று தெளிவாகிவிடும். ஏதாவது குறைவாக இருந்தாலும் கவுன்சிலிங் வேண்டாம் என்று அர்த்தமில்லை, இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். நாற்பதுகளில் இருப்பவர்கள் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய வருடங்களின் ஹார்மோன் ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் எடுங்கள். மாதாமாதம் விலக்குக்கு முந்தைய ஒரு வாரம் மட்டும் வாழ்க்கையே வெறுத்துப்போகிறது என்றால் இரண்டு மாதம் நாட்காட்டியில் குறித்துக்கொண்டு போங்கள். அது 2013இலிருந்து மனநலக் கையேடான டிஎஸ்எம்-5இல் தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது, "மூடு சரியில்லை" என்று யாரும் தள்ளிவிட முடியாது.

சரி, யாரிடம் போவது. மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், எம்பிபிஎஸ் போன்ற மருத்துவப் படிப்பு முடித்து மேலே படித்தவர், மருந்து எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார், நோயைக் கணித்துப் பேச்சுமுறைச் சிகிச்சை தருவார். கவுன்சிலர், தெரபிஸ்ட் என்ற பெயர்களில்தான் குழப்பமே. பல நாடுகளில் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதி மாட்டிக்கொள்ளலாம், தடுக்கச் சட்டமில்லை. இரண்டு வருடம் முதுகலை படித்து மேற்பார்வையில் பயிற்சி எடுத்தவரும் கவுன்சிலர்தான், வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் கவுன்சிலர்தான். அதனால் பலகையை நம்பாமல் கேளுங்கள். என்ன படித்திருக்கிறீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள், என் மாதிரிப் பிரச்சினைகளைப் பார்த்திருக்கிறீர்களா, உங்களுக்கு மேற்பார்வையாளர் இருக்கிறாரா. கடைசிக் கேள்வி பலருக்குத் தெரியாது. நல்ல தெரபிஸ்டுகள் தங்கள் வேலையைப் பற்றி இன்னொரு அனுபவசாலியிடம் ஒழுங்காகக் கலந்து பேசுவார்கள், வருடக் கணக்கில் அனுபவம் இருந்தாலும்.

கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும், தெரியும். ஆனால் பதிலைவிட, பதில் சொல்லும் விதம்தான் உங்களுக்கு அதிகம் சொல்லும். கேள்வி பிடித்திருக்கிறது என்பது போல நிதானமாகச் சொல்பவர், "பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வில் எனக்கு அனுபவம் குறைவு, இன்னாரைப் பாருங்கள்" என்று அனுப்பிவிடுபவர், இரண்டு பேருமே நம்பத் தகுந்தவர்கள். "என்னையே கேள்வி கேட்கிறீர்களா" என்கிற தொனி வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எத்தனை செஷனில் முழுசாகச் சரியாக்கிவிடுவேன் என்று உறுதிமொழி கொடுப்பவரையும் நான் நம்ப மாட்டேன்.

பெண்கள் விஷயத்தில் அனுபவம் என்று தனியாக ஒன்று உண்டா என்று கேட்டால், உண்டு என்றுதான் சொல்வேன். அதற்கு ஒரு சம்பவம் சொல்ல வேண்டும், அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். ஒரு இளம் தாய் தூக்கமில்லை என்று என்னிடம் வந்தார். நான்கு மாதம் தூக்கத்தைப் பற்றியே பேசினோம், எத்தனை மணிக்குப் படுக்கிறார், இரவில் போன் பார்க்கிறாரா, எல்லாம். ஒரு நாள் நேரம் முடிந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவுக் கைப்பிடியில் கை வைத்தவர் திரும்பாமலே, கதவைப் பார்த்துச் சொன்னார்: "குழந்தையைக் குளிப்பாட்டும்போது தண்ணீருக்குள் அமுக்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் நான் குளிப்பாட்டுவதே இல்லை."

உட்காரச் சொன்னேன். அடுத்து வரவேண்டியவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அன்றைக்கு முழுசாகப் பேசினோம். இந்த மாதிரி வேண்டாத நினைப்பு புதிதாகத் தாயானவர்களில் நிறையப் பேருக்கு வருகிறது, வெளியே சொல்வதில்லை அவ்வளவுதான். அந்த நினைப்பு வந்து அதைக் கண்டு நடுங்குபவர், குழந்தையைத் தொடக்கூடப் பயப்படுபவர், அதைச் செய்யப்போகிறவர் இல்லை. அது பதற்றத்தின் ஒரு முகம், மேலே சொன்ன அவசர நிலை வேறு, இது வேறு. அந்த வித்தியாசம் தெரியாத ஒருவர் முன்னால் இதைச் சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஆனால் நான்கு மாதம் அவர் சொல்லாததற்குக் காரணம் அவர் இல்லை. நான் கேட்கவில்லை. முதல் வாரமே, "குழந்தையைப் பற்றிப் பயமுறுத்தும் நினைப்புகள் வருகிறதா, பலருக்கு வரும்" என்று சாதாரணமாகக் கேட்டிருந்தால் போதும். அன்றிலிருந்து எல்லாத் தாய்மாரிடமும் கேட்கிறேன்.

ஆகவே என்னுடைய அளவுகோல் இதுதான்: வெளியே சொல்லக் கூசும் விஷயத்தை இவர் முன்னால் சொல்ல முடியுமா? அதைக் கேட்கிற தைரியமும் சாதாரணத்தன்மையும் இவருக்கு இருக்கிறதா? பட்டம், அறையின் அழகு, இனிமையான குரல் எல்லாம் அப்புறம். முதல் செஷன் முடிந்து வெளியே வந்ததும் ஐந்து நிமிடம் எங்காவது தனியாக உட்கார்ந்து, எதைச் சொல்லாமல் விட்டோம் என்று யோசித்துப் பாருங்கள். எல்லோரும் ஏதாவது விடுவோம், முதல் நாளே எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. ஆனால், அடுத்த முறை அல்லது அதற்கடுத்த முறை இவரிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறதா, இல்லை இவரிடம் ஒருநாளும் முடியாது என்று தோன்றுகிறதா? மூன்று செஷன் கழித்தும் இரண்டாவதுதான் என்றால் மாற்றிவிடுங்கள்.

எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் சிகிச்சை உறவை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: எதற்காக இதைச் செய்கிறோம் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம், என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, பிறகு இருவருக்கும் இடையே பற்று. மூன்றாவது மட்டும் இருந்தால் நல்ல தோழி கிடைத்தாள் என்று அர்த்தம், அதற்குக் கட்டணம் தேவையில்லை. அதனால் இரண்டாவது மூன்றாவது செஷனுக்குள், "நாம் எதை நோக்கிப் போகிறோம், எப்படித் தெரியும் சரியாகிறது என்று" எனக் கேளுங்கள். மாதக்கணக்காகப் போய்ப் பேசி அழுதுவிட்டு வருகிறேன், அன்றைக்கு மட்டும் லேசாக இருக்கிறது என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் முதல் கவுன்சிலர் தப்பு செய்த இடமும் இங்கேதான் என்று நினைக்கிறேன். பிரசவத்துக்குப் பின் முதல் வாரத்தில் வரும் அழுகையும் சிடுசிடுப்பும் பெரும்பாலான தாய்மாருக்கு வருவது, இரண்டு வாரத்தில் தானே போய்விடும். எட்டு மாதத்தில் இருப்பது அது இல்லை. 1987இல் எடின்பரோவில் ஜான் காக்ஸ் குழுவினர் இதற்கென்றே 10 கேள்விகள் கொண்ட ஒரு தாளை உருவாக்கினார்கள், கடந்த 7 நாளைப் பற்றித்தான் கேட்கும், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், உலகம் முழுக்கப் பல மொழிகளில் புழக்கத்தில் இருக்கிறது. பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதன் மதிப்பெண் நோயைத் தீர்மானிக்காது, மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று காட்டும். அவர் உங்களிடம் இதையோ இது மாதிரி வேறு ஒன்றையோ கேட்டாரா? கேட்காமலே "எல்லோருக்கும் இப்படித்தான்" என்று எப்படித் தெரிந்தது? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கர்ப்பிணிகளிலும் புதிதாகப் பிரசவித்தவர்களிலும் நூற்றில் 10 பேருக்கு மேல் மனச்சோர்வு இருக்கிறது. எல்லோருக்கும் இல்லை. நிறையப் பேருக்கு இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது.

சிகிச்சை முறைப் பெயர்களைக் கேட்டு மிரள வேண்டாம். சிபிடி என்பது ஆரோன் பெக் 1960களில் தொடங்கிவைத்தது, நினைப்புக்கும் உணர்வுக்கும் செயலுக்கும் உள்ள முடிச்சைப் பிடித்து அவிழ்ப்பது, வீட்டுப்பாடம் தருவார்கள். ஐபிடி என்பது 1970களில் ஜெரால்ட் கிளெர்மனும் மிர்னா வெய்ஸ்மனும் வடிவமைத்தது, உறவுகளையும் வாழ்க்கையில் வந்த பெரிய மாற்றங்களையும் மையமாக வைத்து 12 முதல் 16 செஷன். தாயான பிறகு வரும் மனச்சோர்வுக்கு இரண்டுக்குமே நல்ல ஆதாரம் இருக்கிறது, தனிப்பட்ட முறையில் எனக்கு இந்த இடத்தில் ஐபிடி பிடிக்கும், ஏனென்றால் கணவன், மாமியார், சொந்த அம்மா, வேலைக்குத் திரும்புவது என்று உண்மையில் குடைகிற விஷயங்களை நேராகத் தொடும். பிரசவமே பயங்கர அனுபவமாக இருந்து அந்தக் காட்சிகள் திரும்பத் திரும்ப வந்தால், அல்லது பழைய வன்முறை ஏதாவது இருந்தால், அதிர்ச்சிக்கான சிபிடியோ, கண்ணை இருபக்கமும் அசைத்தபடி அந்த நினைவைக் கையாளும் ஈஎம்டிஆரோ தெரிந்தவரைக் கேட்டுப் போங்கள், உலக சுகாதார நிறுவனம் 2013இல் இரண்டையுமே பரிந்துரைத்திருக்கிறது.

பெண் தெரபிஸ்ட்தான் வேண்டுமா? பெண்ணாக இருந்தால் பேச வரும் என்று உங்களுக்குத் தோன்றினால் பெண்ணையே கேளுங்கள், விளக்கம் சொல்லவே தேவையில்லை. ஆனால் பெண் என்பதால் மட்டும் புரிந்துவிடும் என்று எண்ண வேண்டாம், "நாங்களெல்லாம் வளர்க்கவில்லையா" என்று சொல்கிற பெண் கவுன்சிலர்களும் இருக்கிறார்கள். அதைவிட மொழியைப் பாருங்கள் என்பேன். கோபம் வந்தால் எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் பேசக்கூடியவர். வேற்று மொழியில் பேசும்போது நாம் ரொம்ப நாகரிகமாகிவிடுகிறோம், விஷயம் வெளியே வராது.

ஓடிவிட வேண்டிய இடங்களும் உண்டு. தன் குடும்பக் கதையைச் சொல்லிக்கொண்டே இருப்பவர். அலுவலகத்துக்கு வெளியே சந்திக்கலாம், தனியாக மெசேஜ் செய்யுங்கள் என்று இழுப்பவர், தொடுபவர். நீங்கள் சொன்னதை உங்கள் கணவரிடமோ வீட்டாரிடமோ உங்களைக் கேட்காமல் சொல்பவர். ரகசியம் காக்கப்படும், உயிருக்கு ஆபத்து, குழந்தைக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற நிலைமைகளில் மட்டும் விலக்கு என்பதை முதல் நாளே அவராகச் சொல்ல வேண்டும், சொல்லவில்லை என்றால் கேளுங்கள். அப்புறம் முக்கியமான ஒன்று: வீட்டில் அடியோ மிரட்டலோ இருந்தால் தம்பதியாகக் கவுன்சிலிங்குக்குப் போகாதீர்கள். உள்ளே உண்மையைச் சொன்னால் வீட்டுக்குப் போனதும் அதற்குத் தண்டனை கிடைக்கும், சொல்லாவிட்டால் சிகிச்சையே பொய். தனியாகப் போங்கள். இது தெரிந்த தெரபிஸ்ட் இருவரையும் ஒன்றாக உட்கார வைக்கும் முன்னால் உங்களிடம் தனியாகக் கேட்பார், "வீட்டில் பயமில்லாமல் இருக்கிறீர்களா" என்று.

ஆன்லைன் போதும். கைக்குழந்தை வைத்திருப்பவருக்குச் சொல்லப்போனால் அதுதான் நடக்கும். பிரச்சினை இணைப்பு இல்லை, சுவர். பக்கத்து அறையில் யாராவது இருந்தால் நீங்கள் பேசுவது உங்களுக்கே தெரியாமல் மாறிவிடும். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசியவர்கள், நிறுத்தி வைத்த காருக்குள் உட்கார்ந்து பேசியவர்கள், நடந்துகொண்டே பேசியவர்கள் என்று எல்லோரையும் பார்த்திருக்கிறேன். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் பாதிப் பேச்சு வெளியே கேட்காது. யாராவது உள்ளே வந்துவிட்டால் சொல்வதற்கு ஒரு சாதாரண வார்த்தையைத் தெரபிஸ்டுடன் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அதைச் சொன்னதும் அவர் பேச்சை மாற்றிவிடுவார். குழந்தை மடியில் இருந்தால் பரவாயில்லை, பாதியில் அழுதால் அழட்டும்.

மாத்திரை. தெரபிஸ்டிடம் போனால் போட மாட்டார்கள், அவர்களால் முடியாது. மனச்சோர்வு கடுமையாக இருந்தால், சாப்பாடு, தூக்கம், குழந்தையைப் பார்ப்பது எல்லாமே நின்றுபோனால், மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்வார்கள், அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு ஆறு முதல் எட்டு. பால் கொடுக்கிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். செர்ட்ராலின் போன்ற சில மருந்துகள் பாலில் மிகக் குறைவாகவே கலக்கும், அதைத் தெரிந்த மருத்துவர் "பாலை நிறுத்துங்கள்" என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டார். இதே வரிசையில் இன்னொன்று, கர்ப்பமாக வாய்ப்புள்ள வயதில் யாராவது வால்ப்ரோயேட் (வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் தரும் மருந்து) எழுதினால் கட்டாயம் மறுகேள்வி கேளுங்கள், கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டவர்களின் குழந்தைகளில் பத்தில் ஒருவருக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் பேசி மாற்றுங்கள்.

கணவர் கேட்டதற்கு: அவர் சொல்வதில் பாதி சரி. பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப் பணம் வாங்கக் கூடாதுதான். அம்மாவிடமோ தோழியிடமோ பேசுவது நல்லது, பேசுங்கள், ஆனால் அவர்கள் முகம் வாடுவதைப் பார்த்ததும் நீங்கள் பாதியிலேயே "ஒன்றுமில்லை, சும்மா" என்று முடித்துவிடுவீர்கள். அறிமுகமில்லாதவர் முன்னால் அந்தக் கவலை இல்லை. ஒரு செஷனுக்குக் கணவரையும் கூட்டிக்கொண்டு போகலாம், சண்டைக்கு இல்லை, இது என்ன நோய், இரவில் ஒரு தடவை குழந்தைக்கு அவர் எழுந்தால் என்ன மாறும் என்று மூன்றாம் மனிதர் வாயால் கேட்கட்டும். தொடர்ச்சியாக நான்கைந்து மணி நேரத் தூக்கம் கிடைப்பது எந்தத் தெரபியையும் எளிதாக்கும்.

தேடும்போது பிரசவம் பார்த்த மருத்துவரிடமோ குழந்தைகள் மருத்துவரிடமோ முதலில் கேளுங்கள், அவர்களுக்கு இந்த வட்டாரம் தெரியும். உளவியல் துறை உள்ள மருத்துவமனைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் குறைந்த கட்டணத்தில் பயிற்சியாளர்கள் பார்ப்பார்கள், மேற்பார்வை இருப்பதால் அது மோசமில்லை. யாரிடமும் நீண்ட கதை எழுத வேண்டாம், இவ்வளவு போதும்: "எனக்கு எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. சில மாதங்களாக அழுகை, எரிச்சல், தூக்கமின்மை. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு நீங்கள் சிகிச்சை தருகிறீர்களா, என்ன படித்திருக்கிறீர்கள், கட்டணம் எவ்வளவு, அடுத்து எப்போது நேரம் இருக்கிறது?" மூன்று பேருக்கு அனுப்புங்கள். ஒருவர் பதிலே போட மாட்டார், ஒருவர் அடுத்த மாதம் என்பார். மூன்றாமவரிடம் நேரம் வாங்கிக்கொண்டு, அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கும் போய்விட்டு வாருங்கள்.